ஸ்கூபா டைவிங்: இடுப்பில் 4 கிலோ ஈயம் கூடினால் என்ன ஆகும்? தண்ணீருக்கு அடியில் எடை போடும் கணக்கு

புதுச்சேரியிலோ, அந்தமானின் ஹேவ்லாக் தீவிலோ முதல்முறை ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பயம்தான்: ‘மூழ்கிட்டா என்ன பண்றது?’ கடலில் இறங்கியதும் நடப்பது வேறு. உடம்பு கீழே போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக் கட்டிகள், காலில் ஃபின்ஸ் எல்லாம் இருந்தும் தக்கை மாதிரி மேலேயே மிதந்துகொண்டிருப்பார்கள்.

பயிற்சியாளர் இன்னொரு 2 கிலோ ஈயத்தை எடுத்துச் சொருகுவார். அதுவும் போதாவிட்டால் இன்னும் 2 கிலோ. ஆள் சர்ரென்று இறங்கிவிடுவார். படகில் இருப்பவர்களுக்கும் நிம்மதி, வீடியோ எடுப்பவருக்கும் நிம்மதி.

கூடுதலாகக் கட்டிய ஈயம் ஒருவரைக் கீழே இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஈயம் அவரைக் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கியும் எறியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. டைவிங்கில் இரண்டாவதுதான் சில நேரம் அதிக ஆபத்து. எப்படி?

பீட்சாவோடு வரும் கெட்சப் போதும்

இதைப் புரிந்துகொள்ள கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஆன்லைன் ஆர்டரில் வந்து ஃப்ரிட்ஜில் சேர்ந்து கிடக்கும் கெட்சப் பாக்கெட்டுகளில் ஒன்றை எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, அது லேசாக மிதக்கிறதா என்று பாருங்கள் (சில பாக்கெட் மூழ்கிவிடும், வேறு எடுங்கள்). அதை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் திணித்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி இறுக்கி மூடுங்கள்.

இப்போது பாட்டிலை இரண்டு கையாலும் அழுத்தினால் பாக்கெட் கீழே இறங்கும். பிடியை விட்டால் மேலே வரும். கொஞ்சம் பழகினால் நடுவிலும் நிறுத்தலாம். ஆனால், அது அங்கே நிலையாக நிற்காது. லேசாகக் கை நடுங்கினால் ஒன்று மேலே போகும், இல்லாவிட்டால் கீழே போகும்.

பாக்கெட்டின் எடை எந்தக் கட்டத்திலும் மாறவில்லை. உள்ளே மாட்டியிருக்கும் சின்ன காற்றுக் குமிழி சுருங்கி விரிந்தது, அவ்வளவுதான். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படும். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். குமிழி சுருங்கினால் விலக்கும் தண்ணீர் குறையும், தள்ளும் விசையும் குறையும்.

கடலில் பாட்டிலை அழுத்தும் கையின் வேலையை ஆழம் செய்கிறது. மேற்பரப்பில் 1 வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு 1 சேர்கிறது. மேலே 6 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: முதல் 10 மீட்டரிலேயே பாதி அளவு போய்விடுகிறது. அடுத்த 20 மீட்டரில் குறைவது அதில் பாதிதான். அதாவது, ‘ஆழம் குறைவுதானே, பயமில்லை’ என்று நினைக்கும் பகுதியில்தான் காற்றின் ஆட்டம் மிக அதிகம்.

சரி, ஈயம் எதற்கு?

மனித உடல் கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் பெரும்பாலானவர்கள் மிதப்போம், முழுக்க வெளியே விட்டால் பலர் மெல்ல இறங்குவோம். எடை தேவைப்படுவது முக்கியமாக வெட்சூட்டால். வெட்சூட் துணி என்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட லட்சக்கணக்கான வாயுக் குமிழிகள். குளிரைத் தடுப்பதும் அந்தக் குமிழிகள்தான், மிதக்க வைப்பதும் அவைதான். ஐரோப்பாவின் குளிர்ந்த கடலில் 7 மில்லிமீட்டர் தடிமனில் போடுகிறார்கள். நம் வங்கக் கடலில் 3 மில்லிமீட்டரே போதும். அதனால்தான் ‘உடல் எடையில் 10 சதவீதம் ஈயம் கட்டணும்’ என்று இணையத்தில் சுற்றும் குத்துமதிப்புக் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றினால் எடை கூடிப்போகிறது.

தண்ணீரும் ஒன்றல்ல. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். கருவிகளோடு சேர்த்து 100 கிலோ இருக்கும் ஒருவர் நீச்சல் குளத்தில் ஏறாமல் இறங்காமல் சரியாக நின்றால், அதே ஆள் கடலில் 2.5 கிலோ அளவுக்கு மிதப்பார். குளத்தில் பயிற்சி எடுத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

எடைக்கு ஏன் ஈயம் என்றால், அது தண்ணீரைவிட 11 மடங்கு அடர்த்தி கொண்டது. 1 கிலோ ஈயம் கடலில் 900 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகவே எடை காட்டும். 1 கிலோ கருங்கல் 620 கிராம்தான் காட்டும்.

இதோடு ஒரு ஜாக்கெட். பி.சி.டி. என்று டைவர்கள் சொல்வது அதைத்தான். சிலிண்டரிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி அதற்குள் காற்று நிரப்பலாம், இன்னொரு பொத்தானால் வெளியே விடலாம். இறங்க இறங்க வெட்சூட் நசுங்கி, ஆள் கனமாவார். அந்தக் கனத்தை ஈடுகட்ட ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று. மேலே வரும்போது அதை வெளியே விட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஏறாமலும் இறங்காமலும் அந்தரத்தில் நிற்கலாம். அந்த நிலைக்குப் பெயர் நடுநிலை மிதப்பு. ஸ்கூபாவின் மொத்த சுகமும் அதில்தான் இருக்கிறது.

கூடுதல் 4 கிலோ: ஒரு கணக்கு

ஒருவருக்குத் தேவையானதைவிட 4 கிலோ அதிகமாகக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார். கீழே போய்விடாமல் நிற்க, அந்த 4 கிலோவுக்கு ஈடாக ஜாக்கெட்டில் சுமார் 4 லிட்டர் காற்றைக் கூடுதலாக அடைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அவரும் நடுநிலையில் அமைதியாகத்தான் நிற்பார்.

இப்போது ஏதோ ஒரு காரணத்தால் அவர் மேலே ஏறத் தொடங்குகிறார். பதற்றத்தில் மூச்சை அதிகமாக இழுத்திருக்கலாம், ஆமையைப் பார்த்து மேலே நீந்தியிருக்கலாம். 10 மீட்டருக்கு வரும்போது அந்த 4 லிட்டர் காற்று 6 லிட்டராகிவிடும். அதாவது 2 கிலோ அளவுக்குக் கூடுதல் தூக்குவிசை. அது இன்னும் வேகமாக மேலே இழுக்கும், மேலே போகப் போகக் காற்று இன்னும் விரியும். 5 மீட்டரில் 8 லிட்டர். மேற்பரப்பில் 12 லிட்டர். வழியில் பொத்தானை அழுத்திக் காற்றை விடாவிட்டால் ராக்கெட் மாதிரி வெளியே வந்து விழுவார்.

சரியான எடையோடு இறங்கியவரின் ஜாக்கெட்டிலும் காற்று இருக்கும். ஆனால் அது கொஞ்சம்தான். அது விரிந்தாலும் சமாளிக்கலாம், மூச்சை வெளியே விட்டே கூட அடக்கிவிடலாம். கூடுதல் ஈயம் கட்டியவரோ, தன் முதுகில் ஒரு பெரிய பலூனையும் சேர்த்துச் சுமக்கிறார். ஈயம் எப்போதும் ஒரே எடை. பலூன் அப்படியில்லை, ஒவ்வொரு மீட்டருக்கும் மாறும். இரண்டும் பெரிதாக இருக்கும்போது சின்னத் தடுமாற்றமும் பெரிதாகிவிடும். கீழே சறுக்கினாலும் இதே கதைதான், காற்று சுருங்கி இன்னும் வேகமாக இறங்குவார்.

வேகமாக மேலே வந்தால் என்ன? ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழிகளாக வெளியேறும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம்வரை போகக்கூடிய டிகம்ப்ரஷன் நோய் இதுதான். அதைவிட உடனடி ஆபத்து நுரையீரலுக்கு. ஆழத்தில் சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை, ஒன்றிரண்டு மீட்டர் போதும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறு, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வா, ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது சொல்வதற்கு எளிது. அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது.

காற்றுக்கும் எடை உண்டு

பரவலாகப் பயன்படும் அலுமினியம் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்றின் எடை இரண்டரை கிலோவுக்கு மேல். டைவிங் முடியும்போது, 50 பார் மிச்சம் வைத்து வந்தாலும், சுமார் 2 கிலோ காற்றைச் சுவாசித்து வெளியே விட்டிருப்பீர்கள். நிரம்பிய நிலையில் லேசாக மூழ்கும் அந்த அலுமினியம் சிலிண்டர், காலியானால் 2 கிலோ அளவுக்கு மிதக்கும்.

ஆக, தொடக்கத்தில் கச்சிதமாக இருந்தவர் கடைசியில் 2 கிலோ லேசாகியிருப்பார். அதுவும் காற்று மிக வேகமாக விரியும் அந்த மேல் 10 மீட்டரில். 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்து போய்விடுவார்.

அதனால் எடையைச் சரிபார்க்க நல்ல நேரம் டைவிங் முடிந்த பிறகு, சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது. ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுக்க விட்டுவிட்டு, காலை அசைக்காமல் செங்குத்தாக நின்று, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். கல் மாதிரி இறங்கினால் எடை அதிகம். முழு சிலிண்டரோடு இதே சோதனையைச் செய்தால், பிறகு குறையப்போகும் காற்றுக்காக 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஏன் புதியவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது? பெரும்பாலும் மூச்சுதான் காரணம். பயத்தில் இருப்பவர் மூச்சை முழுதாக வெளியே விடுவதே இல்லை. நுரையீரலில் 2, 3 லிட்டர் காற்று எப்போதும் கூடுதலாக நிற்கும், அதாவது 2, 3 கிலோ மிதப்பு. போதாக்குறைக்கு, தன்னை அறியாமல் கால்களை உதைத்து மேலே தள்ளிக்கொண்டே இருப்பார். அந்தப் பயத்துக்குத்தான் ஈயம் கட்டப்படுகிறது. 10 நிமிடத்தில் பயம் தெளிந்து மூச்சு சீராகும். ஈயம் மட்டும் அப்படியே இருக்கும்.

பழகப் பழகத் தேவைப்படும் எடை குறைவது சகஜம். 8 கிலோவில் ஆரம்பித்து 4 கிலோவுக்கு வந்தவர்களுக்கு உடம்பு மாறியிருக்காது, மூச்சு மாறியிருக்கும்.

கழற்றப்படாத பெல்ட்

இதில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இனிமேல்தான்.

அமெரிக்காவைச் சேர்ந்த டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள், 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விபத்து எங்கிருந்து தொடங்கியது என்று கண்டறிய முடிந்த சம்பவங்களில் 41 சதவீதத்தில் முதல் காரணம், சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனது. சுறாவோ, கருவிக் கோளாறோ பட்டியலின் முதலிடத்தில் இல்லை.

கூடுதல் எடைக்கும் காற்று தீர்வதற்கும் தொடர்பு இருக்கிறது. எடை கூடியவரின் இடுப்பு கீழே இழுக்க, உடல் சாய்வாக நிற்கும். சாய்ந்த உடலைத் தள்ளிக்கொண்டு நீந்த அதிக உழைப்பு, அதிக மூச்சு. ஜாக்கெட்டை அடிக்கடி நிரப்பவும் காற்று செலவாகும்.

காற்று தீர்ந்ததும் நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜாக்கெட்டை நிரப்பும் பொத்தான் வேலை செய்வது சிலிண்டர் காற்றில். சிலிண்டர் காலி என்றால் பொத்தானும் சும்மா. எப்படியோ மேலே வந்து சேர்ந்துவிட்டாலும், அங்கே மிதந்து நிற்க ஜாக்கெட்டில் வாயால் ஊத வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆள், அலையில், முகத்தில் தண்ணீர் அடிக்க, எப்படி ஊதுவார்? அந்த நேரத்தில் காற்றும் உழைப்பும் கேட்காமல் ஒருவரை மிதக்க வைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஈயத்தைக் கழற்றி விடுவது. பெல்ட்டில் இருக்கும் கொக்கி ஒரே இழுப்பில் திறக்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

ஆனால் கழற்றுவதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த டைவிங் மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் கார்ல் எட்மண்ட்ஸ், டக்ளஸ் வாக்கர் இருவரும் கண்டது: இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் எடை பெல்ட்டோடுதான் மீட்கப்பட்டார்கள். மேற்பரப்புவரை வந்துவிட்டு, மிதந்து நிற்க முடியாமல் மறுபடி மூழ்கியவர்களும் அதில் உண்டு.

ஏன் கழற்றவில்லை? பதற்றத்தில் மூளை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை மறந்துபோகும். பயிற்சி வகுப்பில் ஒருமுறை செய்துகாட்டியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் பழகிப் பார்ப்பதில்லை. பெல்ட்டின் கொக்கி ஜாக்கெட் பட்டைகளுக்கு அடியில் போய் மாட்டியிருக்கும். சில பேருக்கு வாடகை ஈயம் தொலைந்தால் காசு கேட்பார்களே என்ற யோசனைகூட வரலாம். சிரிக்க வேண்டாம், கடலுக்குள் போனைத் தவறவிட்டு அதைத் துரத்திப் போனவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈயத்தைக் கழற்றுவது முதன்மையாக மேற்பரப்பில் செய்ய வேண்டிய வேலை. 20 மீட்டர் ஆழத்தில் மொத்த எடையையும் விட்டால், மேலே பார்த்த அதே ராக்கெட் கதைதான். ஆழத்தில் அது வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும்.

சிலிண்டர் இல்லாதவர்களின் கணக்கு வேறு

ஃப்ரீடைவிங் என்பது ஒரே மூச்சில் போய் வருவது. சிலிண்டர் இல்லை, ஜாக்கெட் இல்லை. கீழே போனபின் மிதப்பைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. கரையில் எவ்வளவு ஈயம் கட்டினீர்களோ, அதுதான் கடைசிவரை.

6 லிட்டர் மூச்சோடு இறங்குபவரின் நுரையீரல் 30 மீட்டரில் ஒன்றரை லிட்டராகச் சுருங்கும். மேலே மிதந்தவர் அங்கே நான்கரை கிலோ கனமாகியிருப்பார். நடுவில் எங்கோ ஓரிடத்தில் மிதப்பும் எடையும் சரிசமமாகும். அதற்குக் கீழே ஃபின் அடிக்கவே தேவையில்லை, உடல் தானாக விழத் தொடங்கும். ஃப்ரீடைவர்கள் இதை ‘ஃப்ரீ ஃபால்’ என்பார்கள். ஆக்சிஜன் செலவில்லாமல், நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் நீலத்துக்குள் இறங்குவது. அனுபவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும்.

விலை திரும்பும்போது கொடுக்க வேண்டும். விழவைத்த அதே கனத்தை, மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் மேலே இழுத்து வர வேண்டும். 2016-ல் நியூசிலாந்து வீரர் வில்லியம் ட்ரூப்ரிட்ஜ், பஹாமாஸின் டீன்ஸ் ப்ளூ ஹோலில் ஃபின்ஸ்கூட இல்லாமல் 102 மீட்டர் போய்வந்தார். ‘நிலையான எடை’ எனப்படும் இந்தப் போட்டிப் பிரிவுகளில் கொண்டுபோன எடையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. சில நூறு கிராம் கூட அங்கே பெரிய முடிவு.

பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்கு முக்கியமானது சரிசம மிதப்பு எந்த ஆழத்தில் அமைகிறது என்பது. பயிற்சிப் பள்ளிகள் பொதுவாகச் சொல்வது, 10 மீட்டரிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும் என்பதுதான். 5 மீட்டரிலேயே சரிசமம் ஆகும்படி ஈயம் கட்டினால் இறங்குவது சுகம். அது ஏன் தவறு?

ஃப்ரீடைவிங்கில் நினைவு தப்புவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, மேலே வரும்போது, கடைசி 10 மீட்டரில் அல்லது தலை வெளியே வந்த பிறகு. காரணம் மறுபடியும் அழுத்தம். உதாரணத்துக்கு, 30 மீட்டரில் நுரையீரல் காற்றில் 5 சதவீதம்தான் ஆக்சிஜன் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 4 மடங்கு அழுத்தம் இருப்பதால், உடலுக்கு அது மேற்பரப்பின் 20 சதவீதம் மாதிரி. எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மேலே வர வர அழுத்தம் இறங்கும், அதிலும் கடைசி 10 மீட்டரில் பாதியாகும். வெளியே வரும் நேரத்தில் 5 சதவீதம் வெறும் 5 சதவீதமாகவே இருக்கும். மூளைக்கு அது போதாது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பலாம்.

அந்தக் கணத்தில் அவர் இடுப்பில் இருக்கும் ஈயம் தீர்மானிக்கிறது, உடல் எந்தப் பக்கம் போகும் என்று. எடை சரியாக இருந்தால் மேலே மிதந்து வரும், கூட வந்தவர் முகத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் பெரும்பாலும் சில நொடிகளில் மூச்சு திரும்பும். எடை கூடியிருந்தால் கீழே போகத் தொடங்கும், இறங்க இறங்க வேகம் கூடும். அதனால்தான் ஃப்ரீடைவர்களின் சோதனை கடுமையானது: மேற்பரப்பில் சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் மிதக்க வேண்டும். ஸ்கூபா டைவர் அதே நேரத்தில் மூழ்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டும் செய்பவர்கள் ஒன்றின் எடையை இன்னொன்றுக்கு எடுத்துப்போகக் கூடாது.

பெல்ட்டும் வேறு. ஸ்கூபாவில் நைலான் பட்டை. ஃப்ரீடைவர்கள் இழுபடும் ரப்பர் பெல்ட்டை இடுப்பெலும்பில் கட்டுவார்கள். ஆழத்தில் வெட்சூட்டும் வயிறும் சுருங்கும்போது நைலான் தளர்ந்து நெஞ்சுக்கு நழுவும். ரப்பர் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

முத்துக்குளித்தவர்கள் கல்லை என்ன செய்தார்கள்?

தூத்துக்குடிக்கும் இலங்கையின் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பரம்பரையாகத் தெரியும். காலைக் கயிற்று வளையத்தில் மாட்டி, கட்டியிருக்கும் கல்லோடு கடலுக்குள் இறங்குவார்கள். பழைய குறிப்புகளில் அந்தக் கல்லின் எடை 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. தண்ணீருக்குள் அது சுமார் 11 கிலோ எடை காட்டும். கடற்படுகையை எட்டியதும் காலை எடுத்துவிடுவார்கள். படகில் இருப்பவர் கல்லை உடனே மேலே இழுத்துவிடுவார். ஒரு நிமிடம் போலச் சிப்பி பொறுக்கிவிட்டு, இன்னொரு கயிற்றை அசைத்தால் ஆளை மேலே தூக்குவார்.

கயிறு பிடிப்பவர் மனைவியின் சகோதரனாக, மச்சானாக இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலிக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. எல்லாப் படகிலும் அப்படித்தானா என்பது வேறு விஷயம்.

கல் இறங்குவதற்கு மட்டும். ஏறும்போது அது உடம்பில் இல்லை. ஜப்பானில் ‘ஆமா’ பெண்களில் ஒரு பிரிவினரும் இப்படித்தான் எடையைப் பிடித்து இறங்கி, படகில் இருக்கும் கணவர் கயிற்றால் இழுக்க மேலே வந்தார்கள். கிரேக்கத்தின் கடற்பஞ்சு குளிப்பவர்கள் ‘ஸ்கண்டலோபெட்ரா’ என்ற தட்டைக் கல்லைக் கையில் பிடித்து இறங்கினார்கள். அதைச் சாய்த்தால் திசை மாறும், குறுக்கே திருப்பினால் பிரேக். 1913-ல் இத்தாலியப் போர்க்கப்பல் ரெஜினா மார்கெரிட்டாவின் நங்கூரம் கார்பதோஸ் தீவருகே தொலைந்தபோது, ஹாஜி ஸ்டாட்டி என்ற கடற்பஞ்சு குளிப்பவர் இப்படிக் கல்லோடு 70 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போய் அதைக் கண்டுபிடித்தார்.

இதே யோசனையை எல்லைவரை இழுத்ததுதான் ஃப்ரீடைவிங்கின் ‘நோ லிமிட்ஸ்’ பிரிவு. கனமான ஸ்லெட்டைப் பிடித்து இறங்கி, காற்றுப் பையை நிரப்பி அதைப் பிடித்து ஏறுவது. 1976-ல் பிரான்ஸின் ஜாக் மயோல் இப்படி 100 மீட்டரைத் தொட்டார். 2007-ல் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் 214 மீட்டர். இரண்டுக்கும் நடுவே, 2002 அக்டோபரில், டொமினிக்கன் குடியரசில் பிரான்ஸ் வீராங்கனை ஆட்ரி மெஸ்ட்ரே 171 மீட்டர்வரை இறங்கினார். ஏற வேண்டிய நேரத்தில் காற்றுப் பை சரியாக நிரம்பவில்லை. உயிரோடு மேலே வரவில்லை.

புக் செய்வதற்கு முன்

ஒருநாள் அனுபவ டைவிங்கில் எடையும் ஜாக்கெட்டும் பயிற்சியாளரின் கையில்தான் இருக்கும், அவர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். அப்போதும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘எனக்கு எத்தனை கிலோ போட்டிருக்கீங்க, இதை எப்படிக் கழட்டறது?’ கொக்கியைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையால் தொட்டுப் பாருங்கள். பெல்ட்டாக இருந்தால் மற்ற எல்லாப் பட்டைகளுக்கும் மேலே, தடையில்லாமல் கழலும்படி இருக்கிறதா என்று பார்ப்பது 10 நொடி வேலை. ஜாக்கெட்டிலேயே எடைப் பை இருந்தால், எந்தப் பிடியை இழுத்தால் அது வெளியே வரும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் இடத்தில் பணம் கட்டாமல் வந்துவிடலாம்.

சான்றிதழ் வாங்கித் தனியாக டைவிங் போகிறவர்களுக்கு, ‘போன தடவை 6 கிலோ போட்டேன்’ என்ற ஞாபகம் மட்டும் உதவாது. எந்த வெட்சூட், எத்தனை மில்லிமீட்டர், கடலா குளமா, அலுமினியம் சிலிண்டரா ஸ்டீலா, கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடிந்ததா என்பதையும் சேர்த்து லாக்புக்கில் எழுதி வையுங்கள். ஸ்டீல் சிலிண்டர் பொதுவாகக் காலியானாலும் மிதக்காது, அதற்கு மாறினால் ஈயத்தை 2 கிலோவாவது குறைக்க வேண்டிவரும்.